எரியாத புகையிலை

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பிரிவுப் பிள்ளைகள் என்னை விட்டபாடில்லை. காது மூக்கு தொண்டைப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண், போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். விரல் நுனி அளவில் ஒரு வெள்ளைப் பொட்டலம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிற புதுச் சரக்காம். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் வாயிலிருந்து எடுத்தது. கூடவே குரலும் அனுப்பியிருந்தாள். "அக்கா, இது எரியவே செய்யாதாம். எரியாததுனால ஒண்ணும் பண்ணாதுன்னு எங்கிட்டயே சண்டைக்கு வாறான். நான் என்ன சொல்லட்டும்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பையன் மேல் இல்லை, அவனுக்கு என்ன தெரியும். 'எரியாது' என்கிற அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. ஏன் என்று போனில் சொல்லப் போனால் அழுது தொலைப்பேன் என்று தோன்றியது. அதனால் எழுதி அனுப்புகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

நான் தோவாளைப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். நர்சிங் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தோம், திட்டு வாங்கினோம், தேறினோம். மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிரசவ வார்டு கேட்டேன், தொண்டைப் பிரிவைத் தந்தார்கள். யாரும் விரும்பிக் கேட்காத பிரிவு. பிள்ளை பிறந்தால் லட்டு கொடுப்பார்கள், காதில் பூச்சி எடுத்ததற்கு யார் லட்டு கொடுப்பார்கள் என்று தோழிகள் கேலி செய்தார்கள். போன முதல் வாரமே அழுதேன். பிறகு அங்கேயே கிழவியாகிவிட்டேன்.

அந்தப் பிரிவின் தலைமை டாக்டரை நாங்கள் பெரிய டாக்டர் என்றே சொல்வோம். ஒல்லியான மனிதர், சிரிக்கத் தெரியாதவர். நோயாளியை ஒரு நாளும் திட்டியதில்லை. எங்களைத்தான் திட்டுவார், அதுவும் சத்தமில்லாமல். தொண்டைக்குள் விடும் நீண்ட காம்புக் கண்ணாடியை நான் ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். சூடில்லாவிட்டால் மூச்சுப்பட்டு மங்கிவிடும், கூடினால் அண்ணாக்கு வெந்துவிடும். நான் என் புறங்கையில் வைத்துப் பார்த்துக் கொடுத்தாலும் அவர் தன் புறங்கையில் மறுபடியும் வைத்துப் பார்ப்பார். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று ஒருமுறை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "அவங்க வாய் சிஸ்டர், உங்க கையும் இல்ல, எங் கையும் இல்ல" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு அனுப்ப மாட்டார். தலை விளக்கைச் சரிசெய்துகொண்டு, நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இடப்பக்கமும் வலப்பக்கமும் இழுத்துப் பார்ப்பார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்ப்பார். கன்னத்தை விரித்துப் பார்ப்பார். கடைசியில் கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு எல்லா இடத்தையும் அழுத்தித் தடவுவார். கெட்டது முதலில் விரலுக்குத்தான் தெரியும் என்பார்.

கேள்வி கேட்கிற விதமும் தனி. பயிற்சி டாக்டர்கள் "புகையிலை பழக்கம் உண்டா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களிடம் அப்படிக் கேட்டால் ஒருவரும் உண்டு என்று சொல்ல மாட்டார்கள். வெற்றிலை போடுவது சோறு தின்பதுபோல, அது எப்படிப் பழக்கமாகும்? பெரிய டாக்டர் எடுத்த எடுப்பிலேயே "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்பார். உடனே அவர்கள் கை தானாகவே ஒரு கன்னத்துக்குப் போகும். அவர் அந்தக் கன்னத்தைத் திறந்து பார்ப்பார்.

வாயைப் பார்த்து ஆள் என்ன போடுகிறார் என்று சொல்லுமளவுக்கு நாங்கள் எல்லோருமே பழகிவிட்டோம், இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கருப்பட்டிப் பாகு தடவிய கறுப்புப் புகையிலை போடுகிறவர்களுக்கு எரிச்சல் மெதுவாக வரும், கன்னம் தோல்செருப்புபோல இறுகிப் போயிருக்கும். காய்ந்த மஞ்சள் இலை போடுகிறவர்களுக்கு உடனே வெந்து சிவந்திருக்கும். பீடிக்காரருக்கு அண்ணாக்கு, சுருட்டுக்காரருக்கு உதடு. எங்கள் ஊரில் வாய் எரிந்தால் யாரும் நிறுத்துவதில்லை. கடையை மாற்றுவார்கள். அந்தக் கடை இலை சரியில்லை, சுண்ணாம்பு கூடிவிட்டது, பாக்கு பழசு என்று வேறு கடைக்குப் போவார்கள். வீட்டில் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்துக் கொடுப்பார்கள், புண் ஆறும். ஆறியதும் புதுக் கடைக்காரன் நல்லவன் என்று பேர் வாங்குவான்.

தோவாளையில் பிச்சிப்பூ கட்டும் பகவதி அப்படித்தான் வந்தாள். என் ஊருக்கு அடுத்த ஊர், எனக்கு முன்பே தெரிந்தவள். பூ மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரவேண்டும் என்பதால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. வாயில் அடக்கியதை அப்படியே வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே இருப்பாள். "ரெண்டு கையும் பூவுல கெடக்கு. வாயாவது கொஞ்சம் சொகமா இருக்கட்டும்னு போட்டேன் சிஸ்டர்" என்றாள். வாயைத் திற என்றால் ஒரு விரல்தான் நுழைந்தது. "எப்பத்துல இருந்து இப்பிடி?" என்று கேட்டதற்கு, "இப்ப ஒண்ணும் இல்ல. கடய மாத்திட்டேம்லா, எரிச்சலே இல்ல" என்றாள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை. இப்போதும் சோற்றைக் குழைத்து உள்ளே தள்ளித்தான் சாப்பிடுகிறாள். கல்யாண வீட்டில் பார்த்தால் இலை முன்னால் உட்கார மாட்டாள், அடுக்களைக்குள் போய்விடுவாள். எனக்கு அதைப் பார்த்தால் மனசு ஆறாது.

சொல்ல வந்தது சூசை அண்ணாச்சியைப் பற்றி.

குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். அந்நிய நாட்டுக் கப்பலில் எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டராக வேலை பார்த்துவிட்டு வந்தவர். மீசையை வெள்ளையாகவே விட்டிருப்பார், சட்டை இஸ்திரி கலையாது. முதல் நாள் பெரிய டாக்டர் வழக்கம்போல "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேட்டதும் அவருக்கு ரோசம் வந்துவிட்டது.

"நான் வாயில போட்டுத் துப்புகவன் இல்ல டாக்டர். நமக்கு பைப்பாக்கும். கேப்டன்மாரு பிடிக்கது."

பைப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கூடவே ஒரு பையில் புகையிலை டப்பாக்கள். துபாயில் இருக்கும் மருமகனும் பழைய கப்பல்காரர்களும் கொண்டுவந்து கொடுப்பது. கருவாட்டு வியாபாரி மீனை எடுத்து வைப்பதுபோல ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார்.

"இந்த மஞ்ச டப்பா நல்ல மணம், ஆனா நாக்குல முள்ளு வச்சுக் குத்தினாப்புல இருக்கும். இந்தக் கறுத்தவன் நாக்க ஒண்ணும் செய்ய மாட்டான், தொண்டையில போய் பிடிப்பான், விக்கல் எடுக்கும். இது பழ மணம். இது அண்ணாக்க உரிச்சுப் போடும். எரியாத சாதி ஒண்ணு உண்டும்னு எனக்குத் தெரியும். அது எதுன்னு தெரிஞ்சா போதும். மருந்து இருந்தா தாங்க, அதுவரைக்கும் சமாளிச்சுக்கிடுவேன்."

டாக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு, "பைப்பை எந்தப் பக்கம் கடிப்பீங்க?" என்றார். வலப்பக்கம். நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் வலப்பக்க ஓரத்தில் பால் காய்ந்ததுபோல ஒரு வெள்ளைப் படலம். புகை நேரே போய் விழுகிற இடம்.

அவரோடு அவர் மனைவி பிலோமி வந்திருந்தார். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டவர். கணவரின் சட்டைத் தும்பைப் பிடித்துக்கொண்டே வருவார், பிடித்துக்கொண்டே உட்காருவார். சூசை அண்ணாச்சி வாய் ஓயாமல் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். "இப்ப சிஸ்டரு கண்ணாடிய தீயில காட்டுதாவ. இப்ப டாக்டரு நெத்தியில விளக்க மாட்டுதாரு. சன்னலுக்கு வெளிய ஒரு பிள்ள அழுதிட்டுப் போவுது, ஊசி போட்டிருப்பாவ." வீட்டிலும் அப்படித்தானாம். காலையில் பேப்பர், பிறகு ஜெபம், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து யாருடைய வள்ளம் கரைக்கு வருகிறது, யாருக்கு மீன் பட்டிருக்கிறது என்று எல்லாம் இவர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் நாக்கைத் துணியால் பிடித்ததும் பேச்சு நின்றது. பிலோமி அம்மா பதறிவிட்டார்.

"ஏன் மிண்டல்ல? டாக்டரே, இவருக்கு என்ன ஆச்சு?"

நான் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அப்போதைக்குப் பயமில்லை என்று வந்தது. டாக்டர் அவரிடம், "டப்பாவை மாத்தாதீங்க, பைப்பைக் கீழ வைங்க" என்றார். தலையாட்டினார். அடுத்த தடவை வேறு டப்பாவோடு வந்தார். அதற்கடுத்த தடவை இன்னொன்று. நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன். "அண்ணாச்சி, உமக்கு வெக்கமா இல்லியா? கப்பல்ல ஓட்டை விழுந்தா பெயின்ட மாத்தி அடிப்பீரா?" சிரித்துக்கொண்டே, "சிஸ்டரு பேசுகது எனக்க அம்ம பேசுகது மாதிரியே இருக்கு" என்பார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. பிறகு கொஞ்ச காலம் வரவில்லை.

திரும்பி வந்த அன்று கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொதி. எனக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"கிடைச்சிட்டு சிஸ்டர்! அந்த எரியாத சாதி. எத்தன நேரம் பிடிச்சாலும் ஒரு பொட்டு எரிச்சல் இல்ல. மொளகு கடிச்சாகூட எரியல்ல, கேட்டியளா! புண்ணு ஆறிட்டு."

பிலோமி அம்மாவும் சிரித்தார். "இப்ப பேப்பர ராகமா வாசிக்காரு சிஸ்டர்" என்றார்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. தலை விளக்கைப் போட்டுக்கொண்டு நாக்கைத் தானாக நீட்டச் சொன்னார். சின்னத் துணிச் சுருளை எடுத்து இடப்பக்க ஓரத்தைத் தொட்டார். "தொடுறது தெரிஞ்சா கையைத் தூக்குங்க." சூசை அண்ணாச்சி கையைத் தூக்கினார். பிறகு வலப்பக்கம். துணி நாக்கின்மேல் இருந்தது, கை தூக்கவில்லை. டாக்டர் இன்னும் அழுத்தினார். அண்ணாச்சி நாக்கை நீட்டியபடியே, தொடலாமே, ஏன் காத்திருக்கிறீர்கள் என்பதுபோல டாக்டரைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார்.

டாக்டர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கையுறையைக் கழற்றிய பிறகு என்னிடம் மெதுவாக, "பாக்குத் துண்டு மாதிரி இருக்கு" என்றார். புண் ஆறவில்லை. நரம்புக்குள் இறங்கியிருந்தது. அதனால்தான் எரியவில்லை.

மறுபடியும் சதை எடுத்து அனுப்பினோம். முடிவு வந்த அன்று அண்ணாச்சி தனியாகத்தான் வந்திருந்தார், டாக்டர் சொன்ன விதம் எனக்கு மறக்காது. வெளியே இருக்கிறவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். கையைக் கழுவித் துடைத்தார். தன் சுழல் நாற்காலியை விட்டுவிட்டு, நான் உட்காரும் குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு அண்ணாச்சியின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புற்று என்ற சொல்லை மறைக்காமல் ஒரே ஒருமுறை சொன்னார். திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும், நாக்கில் பெரும்பகுதியை எடுக்க வேண்டியிருக்கும், சத்தம் வரும், சொல் வராது என்றார். பிறகு அவர் பேசவேயில்லை. சொன்ன பிறகு நாம் பேசக்கூடாது சிஸ்டர், அது அவங்க நேரம் என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி எழுந்து வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"நான் செய்ய மாட்டேன் சிஸ்டர்" என்றார். "சாவுக்குப் பயமில்ல. கடல்ல எத்தன தடவ பாத்தாச்சு. ஆனா நாக்கு இல்லாம அவகூட எப்பிடி இருக்கது? அவளுக்குக் கண்ணு இல்ல. கையக் காட்டிப் பேசினா ஆருக்குத் தெரியும்? எழுதிக் காட்டினா ஆரு வாசிக்கது? பக்கத்துலயே இருந்தாலும் நான் அவளுக்கு இல்லாத மாதிரிதானே."

கையைப் பிடித்துக்கொள்ளலாமே, கட்டிலைத் தட்டலாமே என்று ஏதோ சொன்னேன்.

"தட்டினா வந்தது தெரியும். இருக்கது எப்பிடித் தெரியும்?" என்றார்.

முடிவெடுத்தது பிலோமி அம்மாதான். அவரிடம் யார் சொன்னார்களோ, அடுத்த முறை கணவரோடு வந்தபோது டாக்டர் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாக்கு போனா போட்டும் டாக்டர். எனக்கு ஆளு வேணும். எழுதுங்க, எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, நானும் போடுகேன்" என்றார். சூசை அண்ணாச்சி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று வராந்தாவில் கேட்டதுதான் அவருடைய பேச்சை நான் கேட்ட கடைசித் தடவை.

அறுவை நடந்தது. உயிர் தப்பியது. மறுபரிசோதனைக்கு எங்களிடம் வருவார். கழுத்து ஒருபக்கம் இழுத்துப் போயிருந்தது, துண்டால் எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருப்பார், குழந்தைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்று கையில். துணைக்கு அண்டை வீட்டுப் பெண் வருவார். பிலோமி அம்மா வருவதில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டபோது அந்தப் பெண்தான் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று இவர் வாசலில் நின்று மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வந்தது ஒரு குழறல். பிலோமி அம்மா அலறிவிட்டாராம், "ஆரு அது, ஆரு அது வீட்டுக்குள்ள?" என்று. அதற்குப் பிறகு அண்ணாச்சி சத்தமே எழுப்புவதில்லை. இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவர் பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

இன்னொரு தடவை அதே பெண் தனியாக என்னிடம் வந்து, "சிஸ்டர், அவரு வீட்டுல மறுபடி அந்தப் பொயில மணம் அடிக்குது. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனைக்கும் பிறகுமா? நாக்கையே வெட்டிக் கொடுத்துவிட்டு வந்த மனிதனுக்கு இன்னும் என்ன ஆசை? பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றார். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மணம் வந்துவிட்டது. பழைய மஞ்சள் டப்பா, எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே புகை மண்டியிருந்தது. பிலோமி அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் சூசை அண்ணாச்சி. நாற்காலிக்கடியில் சாம்பிராணி போடுகிற தூபக்கால். அதில் சிரட்டைக் கரித் தணல். தணல்மேல் ஒரு சிட்டிகைப் புகையிலை.

"அண்ணாச்சி, என்ன இது?" என்று ஆரம்பித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது பிலோமி அம்மா.

"அவர ஏசாதீங்க சிஸ்டர். அவரு பைப்ப வலிக்கல்ல, பொகய இழுக்கவும் முடியாதே. எனக்காக்கும் இது. மணம் இருந்தா இவரு இங்க இருக்காரு. மணம் போனா, தூபக்கால எடுத்துக்கிட்டு வெளிய போயிருக்காரு. எல்லா டப்பாவும் போட்டுப் பாத்தோம். கடைசியா ஒண்ணு வாங்கினாரே, எரியாதது, அதப் போட்டா எனக்கு ஆருன்னே தெரியல்ல. இந்த மஞ்சக்காரன்தான் இவரு. நான் கெட்டி வந்த பொறவு கப்பல்ல இருந்து மொதல்ல வந்தப்போ இந்த மணத்தோடதான் வந்தாரு."

புகை என் தொண்டையைப் பிடித்தது, இருமல் வந்தது. இந்தப் புகை இரண்டு பேருக்குமே ஆகாது என்று நர்ஸ் மூளை சொன்னது. பழக்கதோஷத்தில் போய்க் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். காற்று ஒரே வீச்சாக உள்ளே வந்தது.

பிலோமி அம்மா பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். கை கட்டில் விளிம்பில் துழாவியது.

"எழும்பியாச்சா? சிஸ்டரு வந்திருக்கும்போ எங்க போறீரு?"

சூசை அண்ணாச்சி அந்த நாற்காலியில்தான் இருந்தார். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். நான் ஜன்னலைச் சாத்தினேன்.